முத்திரை சொல்ல வேண்டியது எது?

வீடு கட்டுவோர் முதலில் வரைபடம் போடுவர். மென்பொருள் ஆக்குவோரும் அவ்வாறே. அவ்வரைபடங்களுக்குரிய பொதுமொழியாக 1997ஆம் ஆண்டு ஓ.எம்.ஜி. என்னும் அமைப்பு ஏற்றுக்கொண்டதே யு.எம்.எல். ஆகும்.

ஒரு நூலகத்திற்கு மென்பொருள் ஆக்குவதாகக் கொள்வோம். வரைபடத்தில் 'நூல்' என ஒரு பெட்டி. 'இரவல் வழங்கல்' என மற்றொரு பெட்டி. நமக்கு வேறுபாடு விளங்கும். கணிப்பொறிக்கோ இரண்டும் வெறும் பெட்டிகளே! முன்னதன் தலையில் «என்டிட்டி» என்றும் பின்னதன் தலையில் «சர்வீஸ்» என்றும் முத்திரையிட்டால், முன்னதற்குத் தரவுத்தள அட்டவணையும் பின்னதற்குப் பணி செய்யும் நிரலும் வேண்டும் எனக் கண்டு, நிரலாக்கும் கருவி அவற்றை எழுதித் தரும். இம்முத்திரையே ஸ்டீரியோடைப். ஒரு துறைக்கென முத்திரைகளையும் அவற்றுக்குரிய விவரங்களையும் விதிகளையும் தொகுத்தால் அது புரொஃபைல்.

முத்திரை பொருளின் இயல்பைச் சொல்ல வேண்டுமேயன்றி, அன்றைய கருவியின் பெயரைச் சொல்லலாகாது என்பதே என் கருத்து. ஜாவா உலகில் ஒரு காலத்தில் 'ஈ.ஜே.பி. என்டிட்டி பீன்' என்றே வரைபடத்தில் முத்திரையிட்டனர். 2006இல் ஈ.ஜே.பி. 3.0 வந்தது, எளிய ஜாவா கிளாஸ்களே போதும் என்றாயிற்று. பழைய முத்திரை தாங்கிய வரைபடங்கள் பொருளிழந்தன. வெறும் «என்டிட்டி» என்றிருந்த வரைபடங்களுக்கோ, நிரல் வார்க்கும் அச்சை மட்டும் மாற்றினால் போதுமானதாயிற்று.

நுணுக்கங்களைச் சொல்லாவிடில் நல்ல நிரல் எப்படிப் பிறக்கும் எனச் சிலர் கேட்கலாம். நுணுக்கத்தின் இடம் அச்சு, வரைபடமன்று. அந்த அச்சில் பிழை நேர்ந்தால் முதல் கோணல் முற்றும் கோணலாகும் என்பதும் உண்மையே. ஆயினும், அச்சைத் திருத்தி மீண்டும் வார்த்தால் எல்லாக் கோப்புகளும் ஒருசேரத் திருந்திவிடும். பிறந்த நிரலைக் கையால் ஒட்டுப்போட்டால், அடுத்த வார்ப்பில் அந்த ஒட்டு அழிந்துபோகும்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும் இந்நாளில் முத்திரை எதற்கு என்பீர்கள். அது ஒரே கேள்விக்கு இருவேறு விடை தரக்கூடும். முத்திரைவழி வந்த நிரலுக்கோ, இந்த வரி ஏன் வந்தது என்று நாம் காரணம் காட்ட முடியும். காரணம் காட்ட இயலாத நிரலை நம்பி மருத்துவமனையையும் வங்கியையும் ஒப்படைக்கலாமா?

எனவே மாணவ நண்பர்களே, நிரல் எழுதும் விரைவைப் பெருமையாகக் கொள்ளுமுன், ஒரு பொருள் எத்தகையது எனப் பெயரிட்டுச் சொல்லும் தெளிவைப் பெறுவோம்!