பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையும் மெனிஞ்சைற்றிசும்

செப்டெம்பர் வந்தால் எங்கள் வீடுகளில் ஒரே பரபரப்பு. பிள்ளை பல்கலைக்கழக விடுதிக்குப் போகிறது. றைஸ் குக்கர், மிளகாய்த்தூள், போர்வை என்று கார் நிறையச் சாமான் ஏறும். ஆனால் தடுப்பூசி பற்றி விசாரிக்கும் பெற்றோரை, பிரித்தானியாவில் குடும்ப வைத்தியராக இருக்கும் நான் அரிதாகவே காண்கிறேன்.

மூளையையும் முண்ணாணையும் மூடியுள்ள மென்சவ்வில் ஏற்படும் அழற்சியே மெனிஞ்சைற்றிஸ். மூளைக்காய்ச்சல் என்றும் சொல்வோம். மாணவரிடையே நாம் அதிகம் அஞ்சுவது மெனிங்கோகொக்கஸ் என்ற பக்டீரியாவால் வருவதற்கே. பத்துப் பேரில் ஒருவரின் தொண்டையில் இக்கிருமி தீங்கின்றி வாழ்கிறது; பதின்ம வயதின் பிற்பகுதியில் நால்வரில் ஒருவர் வரை காவிகளாக இருக்கலாம். புதியவர்கள் நெருங்கிப் பழகும் விடுதியில் இருமல், தும்மல், முத்தம் வழியே அது பரவுகிறது. நோய் கண்டால், சிகிச்சை பெற்றும் பத்தில் ஒருவர் வரை இறக்கலாம். பிழைத்தவர்களிலும் சிலர் செவிப்புலனையோ கை கால் விரல்களையோ இழக்கிறார்கள்.

"ஊசி எல்லாம் போட்டாச்சு" என்ற நம்பிக்கை பாதிதான் சரி. ஏ, சி, டபிள்யூ, வை ஆகிய நான்கு வகைகளுக்கான ஊசி 2015 முதல் பாடசாலைகளில் 13, 14 வயதளவில் போடப்படுகிறது. தவறவிட்டவர்கள் 25 வயது நிறையும் வரை குடும்ப வைத்தியரிடம் இலவசமாகப் பெறலாம். ஜேர்மனி, பிரான்ஸ், இலங்கை என்று இடையில் வந்து சேர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கே இது அதிகம் தவறுகிறது. நானும் 1990களில் அகதியாக வந்தபோது என்னிடம் தடுப்பூசி அட்டை இருக்கவில்லை. அட்டை இல்லையென்று வெட்கப்பட வேண்டாம், கேளுங்கள்.

இங்கு அதிகம் காணப்படுவதோ பி வகை. அதற்கான ஊசி 2015 செப்டெம்பரில்தான் குழந்தைகளின் அட்டவணையில் சேர்ந்தது. ஆகவே இன்றைய மாணவர்களில் பெரும்பாலோர் அதைப் பெறவில்லை. வசதியுள்ளவர்கள் பணம் கொடுத்து இரண்டு ஊசிகள் போடுவிக்கலாம்.

ஊசியைவிட முக்கியமானது எங்கள் தொலைபேசிப் பேச்சு. என் மகன் முதலாம் ஆண்டில் ஓர் இரவு, "அப்பா, காய்ச்சல், தலையிடி" என்றான். வைத்தியனான நானே, "ரெண்டு பனடோல் போட்டிட்டுப் படு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே! நல்லகாலம், அது வெறும் தடிமன் காய்ச்சல்.

கேட்க வேண்டியவை இவை: கழுத்தை முன்னே வளைக்க முடிகிறதா? வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா? சத்தி, கடும் கை கால் நோவு, குளிர்ந்த கைகள், குழப்பமான பேச்சு உண்டா? கண்ணாடிக் கிளாஸை வைத்து அழுத்தியும் மறையாத புள்ளிகள் உண்டா? எங்கள் நிறத்தில் புள்ளிகள் இலகுவில் தெரியா. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், அண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். புள்ளி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சிலருக்கு வருவதே இல்லை. சந்தேகம் என்றால் உடனே 999.

இந்நோய் ஆரம்பத்தில் வெறிமுறிவு போலவும் இருக்கும். "குடித்தாயா?" என்று ஏசுவோம் எனப் பயந்து பிள்ளை மறைத்தால், போவது உயிர். ஏச்சை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். "சுகமில்லை என்றால் கதவைப் பூட்டித் தனியே படுக்காதே, பக்கத்து அறைப் பிள்ளையிடம் சொல்" என்று இன்றே சொல்லி அனுப்புங்கள்.