தொரையே வந்து சொன்னாலும் தப்பு தப்புதான்

நல்லதண்ணியில் சிவனொளிபாதமலை சீசனுக்கு அறை வாடகைக்கு விடும் ஒருவர், பலகையில் ‘கான்டாக்ட் மைசெல்ஃப்’ என்று எழுதிவிட்டாராம். அதைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆங்கில ஆசிரியர் கட்டுரையே தீட்டிவிட்டார். தமிழில் அழுத்தப் பிரதிப்பெயர் என்ற ஒன்றே கிடையாதாம்; மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுவது அதனால்தானாம்; ஆகவே வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைக்க வேண்டுமாம்.

பலகையில் இருப்பது பிழைதான். ‘மீ’ என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் தமிழில் அழுத்தம் இல்லை என்று சொல்பவர் ஒரு நாள் காலையில், தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துப் பக்கம் போய் நிற்கட்டும். ‘தொரையே வந்து கொழுந்து நிறுத்தாரு’, ‘நானே பார்த்தேன், அரைப்பேர்தான் போட்டாங்க’ என்ற பேச்சு காதில் விழும். தொரை என்றால் தோட்ட மேனேஜர்; அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். ஏகாரத்துக்குத் தேற்றப் பொருள் உண்டென்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளைக்கு அது தாய்ப்பாலோடு வந்தது.

‘த மேனேஜர் ஹிம்செல்ஃப் வெய்ட் த லீஃப்’ என்பதில் ‘ஹிம்செல்ஃப்’பை எடுத்துவிடுங்கள். வாக்கியம் நிற்கும், அழுத்தம் மட்டும் போகும். ‘ஹீ கட் ஹிம்செல்ஃப்’ என்பதில் எடுத்தால் எதை வெட்டினான் என்றே தெரியாது. முன்னது ‘தொரையே’, பின்னது ‘தன்னை வெட்டிக்கிட்டான்’. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல கருவி எந்த ஆசிரியருக்குக் கிடைக்கும்? அதைத்தான் தூக்கி எறியச் சொல்கிறார்.

பலகைப் பிழைக்கும் தமிழுக்கும் சம்பந்தமே இல்லை. ‘மீ’ என்றால் மரியாதைக் குறைவு என்ற பயத்தில் வருவது அது. இங்கிலாந்தில் வாடிக்கையாளரிடம் ‘ஃபார் யுவர்செல்ஃப்’ என்று குழைகிறார்களே, அவர்கள் வீட்டில் என்ன தமிழா பேசுகிறார்கள்? ‘ஹிஸ்செல்ஃப்’ என்று எழுதும் பிள்ளையையும் நையாண்டி செய்திருக்கிறார். ‘மை’யிலிருந்து ‘மைசெல்ஃப்’ வந்தால் ‘ஹிஸ்’ஸிலிருந்து ‘ஹிஸ்செல்ஃப்’ வரும் என்று நினைப்பது புத்திசாலித்தனம். ஒழுங்கில்லாதது ஆங்கிலம்தான்.

மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தமிழில் தொகுத்தவர். ‘போர்ன் டு லேபர்’ நூலை ஆங்கிலத்தில் எழுதியவரும் அவரே. தமிழ் அவர் கையைக் கட்டிப்போடவில்லை. பின்தங்கலுக்குக் காரணம் வேறு: தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். பிள்ளைகள் ஏன் பின்தங்கினார்கள் என்பதை அங்கிருந்து தேட வேண்டும். ஆசிரியரின் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆசிரியர் அடுத்த வகுப்பில் கரும்பலகையில் ‘தொரையே’ என்று எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கட்டும். வீட்டில் தமிழ் பேசாதே என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் சொல்ல வேண்டாம்.