வானலைக்கு வாடகையா?

தெமட்டகொடையில் பேஸ்லைன் வீதியை அண்டிய தொடர்மாடிகளை அண்ணாந்து நோக்குவோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். துணி உலரும் மேல்மாடங்களிலே செய்மதிக் கிண்ணங்கள் வானத்தை நோக்கியவண்ணம் நிற்கின்றன. மேற்குத் திசையில் 350 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது தாமரைக் கோபுரம். ஒலி, ஒளிபரப்புக்கெனக் கடன்பட்டு எழுப்பி, 2019ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட கோபுரம் அது. அதன் நிழலிலே வாழும் நாட்கூலித் தொழிலாளியோ தெளிவான படம் வேண்டின் தனியார் செய்மதிச் சேவைக்குக் கட்டணம் செலுத்துகின்றான். கட்டணம் தீர்ந்தால் சனல்கள் மறைகின்றன. அப்படியாயின் வானலை யாருடைய உடைமை?

செய்மதித் தொடர்பு வணிகப் பண்டமாகவே பிறந்தது என்று எண்ணுவோர் வரலாற்றை அறியாதோர். புவிநிலைச் செய்மதிகளால் உலகெங்கும் ஒலி, ஒளிபரப்பலாம் என 1945இல் எழுதிய ஆதர் சி. கிளார்க், 1956இல் இலங்கைக்கு வந்து கொழும்பிலே வாழ்ந்தவர். இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் எதுவும் தோன்றாத 1975ஆம் ஆண்டில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அவரது இல்லத்தில் செய்மதி வாங்கியொன்றை அமைத்துக் கொடுத்தது. அவர் கண்டவை இந்தியாவின் ஆறு மாநிலங்களிலே ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட வேளாண்மை, சுகாதார, கல்வி நிகழ்ச்சிகளாகும். தென்னாசியாவில் செய்மதித் தொலைக்காட்சியின் முதல் நோக்கம் ஏழை உழவனே, சந்தாதாரன் அல்லன். 2004இல் இந்திய அரசு தொடங்கிய தூரதர்சனின் இலவசச் செய்மதிச் சேவை இன்றும் மாதக் கட்டணமின்றி இயங்குகின்றது.

இலங்கை செய்தது யாது? தரைவழி இலக்கமுறை ஒளிபரப்புக்கு ஜப்பானிய முறையைக் கைக்கொள்வதென 2014இல் தீர்மானித்தது. ஜப்பான் தன் நாட்டின் பெரும்பகுதியில் பழைய முறையை 2011இலேயே நிறுத்திவிட்டது. இங்கோ இழுபறியிலே ஆண்டுகள் கழிந்தன. 2022இன் பொருளாதார வீழ்ச்சியோடு ஜப்பானியக் கடன்களும் தடைப்பட்டன. பத்தாண்டு கடந்தும் தீர்மானம் நிறைவேறவில்லை. தாமதத்தின் விலையைச் செலுத்துவோர் தீர்மானித்தோர் அல்லர், தொடர்மாடிக் குடும்பங்களே.

“செய்மதிக் கிண்ணமும் இணையமும் இருக்கையில் தரைவழி ஒளிபரப்பு எதற்கு?” என வினவுவர் சிலர். 2025இல் ஸ்டார்லிங்க் சேவையும் வந்துவிட்டதே என்பர். இவ்வாதம் வசதி படைத்தோரின் வாதம். இணையத்திலே பார்க்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பார்ப்போனின் தரவுப் பொதி கரைகின்றது. ஒளிபரப்பிலோ, கோபுரத்திலிருந்து எழும் அலையை ஒருவர் பெறினும் ஓரிலட்சம் பேர் பெறினும் அனுப்பும் செலவு ஒன்றே. அன்ரெனாவும் அலைமாற்றிப் பெட்டியும் உள்ள எவரும் அதனைப் பெறலாம்.

அஃதன்றியும், இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினையன்று. பழைய முறையில் ஓர் அலைவரிசையில் ஒரு நிகழ்ச்சிக்கே இடமுண்டு. இலக்கமுறையிலே சாதாரணத் தரத்தில் மூன்று, நான்கு நிகழ்ச்சிகளையும் அவற்றோடு எழுத்து வடிவிலான தரவுகளையும் ஏற்றலாம். ரூபவாஹினியின் இரண்டாம் அலைவரிசையை ‘சனல் ஐ’யும் தமிழ் ‘நேத்ரா’வும் நேரம் பங்கிட்டுக்கொண்ட கதையைத் தமிழ் மக்கள் மறந்திலர். ‘அலைவரிசை இல்லை’ என்னும் சாட்டு இலக்கமுறையில் செல்லுபடியாகாது. அதன் பின்னரும் தமிழுக்கு இடம் மறுக்கப்படுமாயின், குறை தொழில்நுட்பத்தினதன்று, மனத்தினது.

2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகித் தெமட்டகொடைக்கு அண்மித்த கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளை மூழ்கடித்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வீசியபோது பல பிரதேசங்களிலே கைப்பேசித் தொடர்பே அற்றுப்போனது. ஜப்பானிய முறையிலோ அவசர எச்சரிக்கைக்குத் தனிச் சமிக்ஞை உண்டு. அதற்கேற்ப அமைந்த வாங்கி ஓய்வுநிலையில் இருப்பினும் அச்சமிக்ஞை அதனை விழிப்பிக்கும். கைப்பேசிக் கோபுரம் செயலிழந்த ஊரிலும் மின்கலத்தில் இயங்கும் வாங்கியைத் தொலைவிலுள்ள நிலையத்தின் அலை எட்டக்கூடும். அவ்வெச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் ஒரே கணத்தில் வருதல் வேண்டும். வெள்ளம் மொழி பார்த்து வருவதில்லை. எச்சரிக்கை மட்டும் ஏன் மொழி பார்க்க வேண்டும்?

ஆதலின், தரைவழி இலக்கமுறை ஒளிபரப்பை அரசு இனியும் ஒத்திவைத்தல் ஆகாது. வறிய குடும்பங்களுக்கு அலைமாற்றிப் பெட்டிகளை இலவசமாக வழங்குதல் வேண்டும். தமிழ் ஒளிபரப்புக்கு முழுநேர இடத்தைச் சட்டத்தினால் உறுதிசெய்தல் வேண்டும். தரைவழி அலை எட்டாத மலையகத் தோட்டங்களுக்குக் கட்டணமற்ற செய்மதி வழியைத் திறத்தல் வேண்டும்.

காற்றுக்கும் வெயிலுக்கும் எவரும் வாடகை கேட்பதில்லை. வானலையும் அவற்றைப் போன்று மக்கள் அனைவருக்கும் பொதுவானதே. அதனைக் கேட்டுப் பெறுதல் இரத்தல் அன்று; உரிமை.