பங்கசுப் பூச்சாண்டியும் பட்டினி வைத்தியமும்

மனிதனின் அறியாமையை முதலாக வைத்து நடத்தப்படும் வியாபாரங்களுள் நோயாளியின் நம்பிக்கையை விலைபேசும் வியாபாரமே மிகக் கொடியது. முன்னர் தாயத்தும் மந்திரித்த கயிறும் விற்றவன் தன்னை விஞ்ஞானி என்று கூறிக்கொள்ளவில்லை. இன்று அதே சரக்கை விற்பவனோ நுண்ணுயிர்களின் இலத்தீன் பெயர்களை உச்சரித்துக்கொண்டு வருகிறான். பெயர் இலத்தீனாக இருந்துவிட்டால் பொருள் விஞ்ஞானமாகிவிடும் என்று எண்ணுவோர் படித்தவர்களிடையேயும் உளர். இவ்வாறு நாடு நாடாகப் பரவியுள்ள ‘கன்டிடா உணவு முறை’ என்னும் கோட்பாட்டையே நாம் இங்கு எடுத்து ஆராய்கிறோம்.

இக்கோட்பாட்டினர் சொல்வது யாது? குடலில் கன்டிடா என்னும் பங்கசு மிதமிஞ்சிப் பெருகி உடலெங்கும் நஞ்சைப் பரப்புகிறதாம். களைப்பு, தலையிடி, வயிற்றுப் பொருமல், மனச்சோர்வு, ஞாபக மறதி, இனிப்பின் மீது ஆசை ஆகிய அனைத்தும் அதன் வேலையேயாம். அப்பங்கசு சீனியைத் தின்றே வாழ்கிறது. ஆகவே சீனி மட்டுமன்றிப் பழம், பாண், சோறு, பால், வினாகிரி, காளான், புளிக்கவைத்த பண்டங்கள் யாவற்றையும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விலக்கிவிட வேண்டும் என்பதே அவர்தம் விதி. இவ்விதியின்படி நம் அடுக்களையிலே தோசைக்கும் இடமில்லை, அப்பத்துக்கும் இடமில்லை.

முதலில் உண்மையை உண்மையென ஒப்புக்கொள்வோம். கன்டிடா கற்பனைப் பொருளன்று. ஆரோக்கியமுள்ள மாந்தர் பெருந்தொகையினரின் வாயிலும் குடலிலும் அது பற்றீரியாக்களோடு கூடி வாழ்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உட்கொள்ளும்போதும், நீரிழிவு கட்டுக்கு மீறும்போதும், எயிட்ஸ் நோயாலோ புற்றுநோய்ச் சிகிச்சையாலோ உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றும்போதும் அது நோயாக மாறக்கூடும். குழந்தையின் நாவில் வெண்படலமாகத் தோன்றுவதும், பெண்களுக்கு அரிப்பையும் வெள்ளைபடுதலையும் தருவதும் பல வேளைகளில் இதுவே. தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடக்கும் நோயாளியின் குருதியில் இது புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. 2022இல் உலக சுகாதார நிறுவனம் மனிதகுலத்துக்கு ஆபத்தான பங்கசுக்களின் பட்டியலை வெளியிட்டபோது, மிக முக்கியமானவை எனக் குறித்த நான்கினுள் கன்டிடா இனங்கள் இரண்டு இடம்பெற்றன. நோயை நாம் மறுக்கவில்லை. நோயின் பெயரால் நடக்கும் கூத்தையே மறுக்கிறோம்.

இக்கூத்துக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த ஓரியன் ற்றஸ் என்னும் வைத்தியர். 1978இல் அவர் எழுதிய கட்டுரை மனநோய்க் குறிகளையும் கன்டிடாவையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டது. 1983இல் ரென்னசியைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் வில்லியம் குறூக் இக்கருத்தைப் பெருநூலாக்கிச் சந்தையில் இறக்கினார். நூலிலே நீண்டதொரு வினாக்கொத்து இருந்தது. வாசகர் தம் குறைகளுக்குத் தாமே புள்ளி இட்டு, கூட்டி, நோயைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளலாம். கேட்கப்பட்ட குறைகளோ களைப்பும் சோர்வும் போன்றவை. எட்டு மணிநேரம் உழைத்துவிட்டு வீடு திரும்பி அடுப்படியில் நிற்கும் எந்தப் பெண் அவ்வினாக்களுக்கு ‘இல்லை’ என்று விடையிறுக்க முடியும்?

விஞ்ஞான உலகம் இதைக் கேளாமல் ஒதுக்கிவிட்டது என்று இக்கோட்பாட்டினர் புலம்புவதுண்டு. அது பொய். 1986இல் அமெரிக்க ஒவ்வாமை, நிர்ப்பீடனவியல் வைத்தியர்களின் கழகம் இக்கருத்தை ஆராய்ந்து, இது வெறும் ஊகம், நிறுவப்படாதது என அறிவித்தது. அதனோடும் விடவில்லை. ற்றஸ் வாழ்ந்த அதே அலபாமாவின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்நோய் உடையோர் எனக் கருதப்பட்ட 42 பெண்களுக்குப் பங்கசுக் கொல்லியாகிய நிஸ்ரற்றினையும் வெற்று மருந்தையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தனர். எது எப்போது கொடுக்கப்படுகிறது என்பது கொடுத்தவர்க்கும் தெரியாது, உண்டவர்க்கும் தெரியாது. 1990இல் முடிவு வெளியாயிற்று. பெண்ணுறுப்பின் தொற்றுக் குறிகள் மெய்ம்மருந்தினாற் குறைந்தன. களைப்பு, மனச்சோர்வு முதலிய பொதுக் குறைகளிலோ இரண்டுக்குமிடையே கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வெற்று மருந்தை உண்டபோதும் அவை தணிந்தன.

‘மருந்தைத்தானே சோதித்தார்கள், உணவு முறையைச் சோதிக்கவில்லையே’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயின் ஒரு விதியைச் சொல்லி மக்களின் வாயைக் கட்டுபவன்தான் அதற்குச் சான்று தரக் கடமைப்பட்டவன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்சான்று வந்து சேரவில்லை. மாறாக, 1999இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் ஆரோக்கியமுள்ளோர்க்குச் சீனி மிகுந்த உணவைக் கொடுத்து ஆராய்ந்தபோது, குடலிலுள்ள கன்டிடாவில் அது சொற்ப மாற்றத்தையே உண்டாக்கிற்று.

இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. நாம் உண்ணும் சீனியின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மாச்சத்தை முற்றாக நிறுத்தினாலும் குருதியிற் குளுக்கோசு இல்லாமற் போய்விடாது. ஈரல் அதைத் தானே ஆக்கிக்கொடுக்கும். அங்ஙனம் ஆக்காவிடின் மனிதன் ஒரு நாள் பட்டினியையும் தாங்கமாட்டான். பாணைப் பொங்கவைக்கும் மதுவம் வேறு, கன்டிடா வேறு. போறணையின் வெப்பத்தில் அம்மதுவமும் இறந்துவிடுகிறது. இவையெல்லாம் பாடசாலை விஞ்ஞானத்துக்கு அப்பாற்பட்ட இரகசியங்களல்ல.

இனி இக்கோட்பாட்டின் தருக்கத்தைப் பார்ப்போம். காலையில் எழுந்ததும் ஒரு கிண்ணம் நீரில் உமிழ்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். உமிழ்நீர் நூல் நூலாகத் தொங்கினாற் கன்டிடாவாம். உமிழ்நீரிலே பசைத்தன்மையுள்ள சளிப்புரதம் உண்டு. அது சில வேளை மிதக்கும், சில வேளை இறங்கும். இச்சோதனையிலே தேறாத மனிதர் உலகத்தில் எவருமிலர். உணவைக் கட்டுப்படுத்தி நோயாளி தேறினால் ‘முறை பலித்தது’ என்கிறார்கள். அவர் மேலும் வாடினால் ‘பங்கசு செத்து நஞ்சைக் கக்குகிறது, முறை பலிக்கிறது’ என்கிறார்கள். எதுவும் நிகழாவிட்டாலோ ‘நீர் எங்கோ களவாக இனிப்புத் தின்றுவிட்டீர்’ என்கிறார்கள். எவ்வழியிற் சென்றாலும் கோட்பாடு தோற்பதில்லை, நோயாளியே தோற்கிறார். தோற்கவே முடியாத கோட்பாட்டுக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. சோதிடத்தில் இடமுண்டு.

‘ஆயினும் சிலருக்குச் சுகம் கிடைத்திருக்கிறதே’ என்பர். கிடைத்திருக்கலாம். மதுவையும் இனிப்புப் பானங்களையும் பொதியில் அடைத்த பண்டங்களையும் விட்டுவிட்டு மரக்கறி உண்பவர் உடல் இலேசாவதை உணர்வதற்குப் பங்கசு எதற்கு? காலமும் பல குறைகளைத் தானே ஆற்றுகிறது. ‘லங்கணம் பரம ஒளடதம்’ என்றனர் முன்னோர். அது வயிறு கெட்டவன் ஒரு வேளை, இரு வேளை ஓய்வு கொடுப்பதற்கான புத்திமதி. மாதக்கணக்கிற் பழத்தையும் பாலையும் தானியத்தையும் விலக்கும்படி அது கூறவில்லை. அவ்வாறு விலக்குவோர் எடை குறைந்து, போசாக்குக் குன்றி, உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்கும் அஞ்சும் நிலைக்கு வரக்கூடும். இதனிலும் பெரிய கேடு வேறொன்றுண்டு. தீராக் களைப்பு இரத்தசோகையின் குறியாக இருக்கலாம். தைரொயிட் சுரப்பியின் குறைபாடாக, நீரிழிவாக, சிகிச்சை வேண்டிநிற்கும் மனச்சோர்வாக இருக்கலாம். பங்கசைத் தேடி அலையும் மாதங்களில் மெய்யான நோய் உள்ளேயிருந்து வளர்கிறது.

அந்தப் பெண்களின் வருத்தம் பொய் என்று நாம் ஒருபோதும் சொல்லோம். அவர்கள் வைத்தியரிடம் சென்றபோது ‘எல்லாம் மனப்பிரமை’ என்று கூறித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். வைத்தியமே விலைச்சரக்காகிவிட்ட அமெரிக்காவில், 2023இலும் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் சுகாதாரக் காப்புறுதி அற்றவர்களாக இருந்தனர். நிதானமாகக் கேட்கும் செவி கிடைக்காத இடத்தில், ‘உன் நோய் மெய்யானது, அதற்குப் பெயருண்டு’ என்று சொன்ன ஒரு நூல் அவர்களுக்கு ஆறுதலாயிற்று. கேள்வி உண்மையானது, கொடுக்கப்பட்ட விடைதான் பொய். அப்பொய்யின் பலன் என்ன? உழைப்பின் பளுவும் உறக்கமின்மையும் தனிமையும் விசாரணைக்கு வராமலே தப்பிவிடுகின்றன. குற்றவாளிக் கூண்டில் ஒரு நுண்ணுயிரும் ஒரு கரண்டி சீனியும் நிறுத்தப்படுகின்றன. சமூகத்தின் நோயைத் தனிமனிதனின் குடலுக்குள் அடைத்துவிடும் இக்கைங்கரியம் யாருக்கு வாய்ப்பானது என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

விற்பனையாளர் சும்மா இருப்பாரா? கன்டிடாவைக் கொல்லும் குளிகைகள், நற்பற்றீரியாப் பொடிகள், நஞ்சு நீக்கும் தைலங்கள் என்று கடைகள் நிறைந்தன. 1990இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு, ஆதாரமற்ற உரிமை கொண்டாடி இத்தகைய சரக்கை விற்ற ஒரு கம்பனியைப் பிடித்தது. கம்பனி 30,000 டொலர் செலுத்திக் காரியத்தை முடித்துக்கொண்டது. 1994இல் வந்த சட்டமோ, ‘உணவுத் துணைப்பொருள்’ என்ற பெயரில் விற்பனையாகும் சரக்கின் பலனைச் சந்தைக்கு வருமுன் அரசுக்கு நிரூபிக்கவேண்டிய கடப்பாட்டை வியாபாரிக்கு வைக்கவில்லை.

முற்போக்கு நண்பர்கள் சிலர் இவ்விடத்தில் நம்மை மறிக்கக்கூடும். ‘மருந்துக் கம்பனிகளின் கொள்ளைக்கு எதிராக மக்கள் தேடிய மாற்று வழியல்லவா இது?’ என்று அவர்கள் கேட்கலாம். மருந்தைப் பதுக்கி விலையேற்றும் ஏகபோகத்துக்கு நாம் எதிரிகள். ஆயின் பெரிய முதலாளியிடமிருந்து தப்பிச் சிறிய முதலாளியின் பொடிக்கடைக்கு ஓடுவது விடுதலையாகாது.

உண்மையான மாற்று எது என்பதற்கு இதே பங்கசின் வரலாறே சான்று பகரும். நிஸ்ரற்றினைக் கண்டுபிடித்தவர்கள் இரு பெண்கள்: எலிசபெத் ஹேசன், றேச்சல் பிரவுண். இருவரும் நியூயோர்க் மாநில சுகாதாரப் பகுதியின் ஊழியர்கள். ஒருவர் நியூயோர்க் நகரில் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்தெடுக்க, மற்றவர் அல்பனியிலிருந்து அவற்றின் சாரத்தை வடித்தெடுத்தார். சாடிகள் தபாலிலே போய் வந்தன. வேர்ஜீனியாவில் நண்பரது பண்ணை மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர் வெற்றி தந்தது. 1950இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அம்மருந்துக்கு அவர்கள் தம் பெயரைச் சூட்டவில்லை. பொதுமக்களின் ஆய்வுகூடத்தைக் கொண்டிருந்த நியூயோர்க் மாநிலத்தின் பெயரையே சூட்டினர். காப்புரிமையால் வந்த பணம் ஒரு கோடியே முப்பது இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. அதைத் தமக்கென வைத்துக்கொள்ளாது விஞ்ஞான ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டனர். கன்டிடாவை மெய்யாக வென்றவர்கள் இவர்கள். இவர்களின் பெயரை அறியாதவர்களும் உமிழ்நீர்ச் சோதனையை அறிந்திருக்கிறார்கள் என்பது நம் காலத்தின் வெட்கக்கேடு.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விடயத்திற் சும்மா இருத்தல் தகாது. கைத்தொலைபேசித் திரையின் வழியே இத்தகைய சரக்கு எல்லை கடந்து வருகிறது. நாளை வேறொரு பெயரிலும் வரும். அப்போது எழுப்பவேண்டிய கேள்விகள் இரண்டே: இது பொய்யானால் அதை எவ்வாறு கண்டறிவது? இதனால் இலாபமடைவோர் யார்? இவ்விரு கேள்விகளையும் வகுப்பறையிலே பழக்கிவிடுவோம். களைத்து வருந்தும் தாய்க்கும் சகோதரிக்கும் பட்டினியை விதிக்கும் துண்டுப் பிரசுரத்தையன்று, பொறுமையுடன் கேட்டுச் சோதித்துச் சிகிச்சை தரும் பொது வைத்தியசாலையையே நாம் கோருவோம். அவர்கள் தட்டிலுள்ள சோற்றைப் பறிப்பவன் எத்தனை இலத்தீன் பெயர்களை உச்சரித்தாலும் அவன் வைத்தியனல்லன்.