ஷாக் அப்சார்பரைத் திருகும் வீரர்களுக்கு

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது தப்பில்லை. காசு இருக்கிறது, வயசு இருக்கிறது, வாங்கட்டும். ஆனால் வாங்கிய மூன்றாம் மாதமே கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு, குமிழ் வைத்த 'அட்ஜஸ்டபிள்' சரக்கை மாட்டி, அந்தக் குமிழையும் கடைசி வரை இறுக்கிக்கொண்டு, "ரேஸ் கார் ஆயிடுச்சு" என்று ஊர் சுற்றுகிறார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வண்டி விறைப்பாக இருந்தால் ரோட்டை இறுகப் பிடிக்கும் என்று இவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது முழுப் பொய்.

முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் பணிமனையில் காலம் தள்ளியவன் நான். ஸ்பிரிங் பட்டையும் ஷாக்கும்தான் எனக்குச் சோறு போட்டன. பஸ்ஸும் ஸ்போர்ட்ஸ் காரும் ஒன்றா என்று கேட்பீர்கள். எடை வேறு, வேகம் வேறு. ஆனால் குழியில் இறங்கிய சக்கரத்துக்கு, மேலே இருப்பது 50 பயணிகளா, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தம்பியா என்று தெரியாது. இரண்டு இடத்திலும் விதி ஒன்றுதான்.

முதலில் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஷாக் அப்சார்பர் அல்ல, ஸ்பிரிங். மேடு வந்தால் ஸ்பிரிங் அமுங்குகிறது, பிறகு விரிகிறது. அதை அப்படியே விட்டால் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துவாரங்களும் வால்வுகளும். எண்ணெய் அந்தச் சந்து வழியாகப் போக முடியாமல் போகும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் கரைகிறது. வெள்ளைக்காரன் இதற்கு 'டாம்பர்' என்று சரியாகத்தான் பெயர் வைத்தான். நாம்தான் ஷாக், ஷாக் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

குமிழைத் திருகினால் என்ன ஆகிறது? எண்ணெய் போகும் சந்து குறுகுகிறது. அவ்வளவுதான். ஒரே குமிழ் உள்ள பல மாடல்களில் அது பெரும்பாலும் ஸ்பிரிங் விரியும் திசையைத்தான் மாற்றும். அதை மிதமிஞ்சி இறுக்கினால், குழி வரும்போது சக்கரம் சட்டென்று கீழே இறங்காது. ஷாக் அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்து மறுபடி மேலே தள்ளும். இப்படி நாலைந்து மேடு தொடர்ந்தால் ஸ்பிரிங் விரியவே நேரமில்லாமல், வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து கடைசியில் ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். அமுங்கும் திசையையும் சேர்த்து இறுக்கினாலோ, ஒவ்வொரு கல்லும் நேரே பாடிக்கு வரும். டயர் மேட்டின் மேல் உருளாமல் துள்ளும். துள்ளுகிற டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. ரோட்டைத் தொட்டால்தானே பிடிப்பு?

எங்கள் தெருப் பையன் ஒருவன், நல்ல பையன், ஐ.டி. வேலை, இரண்டு பேர் உட்காரும் பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினான். ஒன்றரை லட்சம் செலவழித்துப் புது ஷாக் போட்டான். "32 செட்டிங் இருக்குதுங்க தாத்தா, ஃபுல் ஹார்டுல வெச்சிருக்கேன், ஒரு ரவுண்டு வாங்க" என்றான். போனேன். குழாய் பதிக்கத் தோண்டிச் சரியாக மூடாத ஒரு வளைவில் அறுபதில் திரும்பினான். பின்பக்கம் டக், டக் என்று குதித்து ஒரு அடி வெளியே தள்ளிப் போனது. பக்கத்தில் ஸ்கூட்டரில் ஓர் அம்மா, முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு குழந்தை. பையன் சிரித்துக்கொண்டே, "எவ்வளவு ஸ்டிஃப்பா இருக்குது பாத்தீங்களா!" என்றான்.

"கண்ணு, அது ஸ்டிஃப் இல்ல. டயர் ரோட்டை விட்டுருச்சு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கும்.

இவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "ரேஸில் எல்லாம் இதைத்தானே போடுகிறார்கள்?" போடுகிறார்கள். நான் மறுக்கவில்லை. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பிறகு இருங்காட்டுக்கோட்டை வந்தது. நம்மூர் செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே ஓடுதளம் இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஏழை நாட்டுக்கு ஏற்ற ஃபார்முலா காரை உருவாக்கிக் காட்டிய மனிதர் அவர். 1995இல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். அந்தத் தளங்களில் குமிழுக்கு வேலை இருக்கிறது. ஏனென்றால் அங்கே சுற்றுக்குச் சுற்று அதே ரோடு, அதே வளைவு. ஒரு கிளிக் மாற்றுவார்கள், ஓட்டுவார்கள், ஸ்டாப் வாட்ச்சைப் பார்ப்பார்கள், நோட்டில் எழுதுவார்கள். நேரம் கூடினால் திரும்ப வைப்பார்கள். நோட்டும் இல்லாமல் வாட்ச்சும் இல்லாமல் ஒரேயடியாகக் கடைசி வரை திருகுவதற்கு என்ன பெயர்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்றும் நினைக்க வேண்டாம். 1920களின் பென்ட்லி போன்ற கார்களில் உராய்வுத் தட்டு வைத்த ஷாக்குகள் இருந்தன; நட்டை முடுக்கினால் இறுகும், தளர்த்தினால் இளகும். டிரைவர் சீட்டிலிருந்தே சரிசெய்யும் வகையும் 1930களில் வந்துவிட்டது. அந்த நட்டைத் திருகியவர்கள் அன்றைய ரோட்டுக்கும் சுமைக்கும் தக்கபடி திருகினார்கள், படம் எடுத்துப் போடுவதற்காக அல்ல.

விறைப்புதான் வீரம் என்பவர்களுக்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். 1962இல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் 'ஈலான்' என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். வளைவில் அதை மிஞ்ச ஆளில்லை என்று இன்றுவரை பேசுகிறார்கள். அதன் ஸ்பிரிங் எப்படி இருந்தது தெரியுமா? மெத்தென்று. எடையைக் குறைத்தார், ஸ்பிரிங்கை இளக்கினார், அதற்குப் பொருத்தமான ஷாக்கைப் போட்டார். சக்கரம் ரோட்டை விட்டு எழவேயில்லை. ஃபார்முலா ஒன் கார் செய்து உலகப் பட்டம் வென்ற மனிதருக்குத் தெரியாத ரகசியமா நம்ம ஊர் ஆக்சஸரிஸ் கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது?

இந்தக் கடைக்காரர்கள் ஷாக்கோடு நிறுத்துவதும் இல்லை. "ரெண்டு இஞ்ச் இறக்கிட்டா லுக்கே தனி சார்" என்று வண்டியையும் தாழ்த்திவிடுகிறார்கள். ஸ்பிரிங் அமுங்க இருந்த கொஞ்ச இடமும் போயிற்று. வேகத்தடைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் ஓர் அளவு வைத்திருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அந்த அளவில் கட்டிய வேகத்தடையை உங்கள் தெருவில் காட்டுங்கள், பார்ப்போம். நம் ஊரில் கொத்தனார் மனசில் பட்டதுதான் அளவு. அதில் அடி தட்டாமல் போக, காரைக் குறுக்காக வளைத்துப் பாம்பு மாதிரி ஏற்றுகிறார்கள். பின்னால் வருகிறவன் திகைத்து நிற்கிறான். ரேஸ் காராம்!

பணம் போவதுகூட எனக்குப் பெரிதில்லை. முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்த அப்பாவை அதே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறான். மழை நாளில் ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கு நண்பனைக் கூட்டிப் போகிறான். அவன் வாங்கிய விறைப்புக்கு விலை கொடுப்பவர்கள் வேறு ஆட்கள்.

போட்டே தீருவேன் என்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் டயர் நல்லதா, காற்று சரியா என்று பாருங்கள். ஷாக் மாற்றியதும் அலைன்மென்ட் பாருங்கள். தயாரித்தவன் சொன்ன அளவில் தொடங்குங்கள். ஒரே ஆக்ஸிலில் இடதும் வலதும் ஒரே எண்ணில் இருக்கட்டும். தினமும் போகும் ரோட்டில், ஒரு தடவைக்கு ஒரு கிளிக். நோட்டில் எழுதுங்கள். எந்த எண்ணில் வண்டி குதிக்கத் தொடங்குகிறதோ, அதற்கு நாலு படி கீழே வந்து நிறுத்துங்கள். முழு இறுக்கம் நம் ரோட்டுக்கு இல்லவே இல்லை.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்து வருஷ மாருதியை வைத்துக்கொண்டு இளசுகளைத் திட்டினால் போதாது. வெளியே போய் உங்கள் காரின் ஒரு மூலையை அமுக்கிவிடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் சரி. மூன்று தடவை ஆடினால் ஷாக் செத்துவிட்டது. ஷாக்கின் மேல் எண்ணெய் கசிந்திருந்தாலும், டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தாலும் அதே கதைதான். மாற்றிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பேரன் வந்து அட்ஜஸ்டபிள் ஷாக்குக்குப் பணம் கேட்டால், இல்லை என்று சொல்ல வேண்டாம். நாலு நல்ல டயருக்குக் கொடுங்கள். மிச்சப் பணத்தை அவன் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.