கசங்கிய சட்டைக்கு ஒரு வக்காலத்து

நம் சங்கத்தின் சென்ற பொங்கல் விழாவில் நடந்த ஒரு சிறு சம்பவம். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இஸ்திரி போடாத சட்டையுடன் வந்திருந்தார். துவைத்த சட்டைதான், சுத்தமாகவே இருந்தது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர் என் காதருகே குனிந்து, "விழாவுக்கு வருகிற லட்சணமா இது?" என்றார். நானும் தலையை ஆட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் உறுத்தியது. அந்தப் பிள்ளை காலை ஆறு மணிக்கே வந்து மேடைக்கு வயர் இழுத்தவர். எங்கள் இருவர் சட்டையிலும் மடிப்புக் கலையவில்லை. காரணம், நாங்கள் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை.

அந்த உறுத்தலில் எழுதுவதுதான் இக்கட்டுரை. நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். அவர் சொன்னதும் நான் தலையாட்டியதும் ஒரே வியாதிதான்.

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சிறு வயதில் எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி என்று ஒன்று கிடையாது. 'பெட்டி போட்ட சட்டை' என்றால் கல்யாணம், அல்லது ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார். அம்மாவின் நூல் சேலை காய்ந்ததும் ஒரு முனையை அம்மா பிடிப்பார், மறுமுனையை நான் பிடிப்பேன். இருவரும் இரண்டு தரம் சுண்டி இழுத்து, நடந்து வந்து மடிப்போம். அவ்வளவுதான் இஸ்திரி. பிற்பாடு கொச்சிக்கு வந்தபோது ஒருவர் சொன்னார்: 'இஸ்திரி' என்ற சொல்லே போர்ச்சுகீசியரின் 'எஸ்திரார்' என்பதிலிருந்து வந்ததாம், அதற்கு இழுத்து நீட்டுதல் என்று பொருளாம். அம்மாவுக்குப் போர்ச்சுகீசியம் தெரிந்திருந்தது என்று சொல்லிச் சிரித்தேன்.

பாலிடெக்னிக் விடுதியில் பித்தளைச் சொம்பில் கொதிநீர் ஊற்றி, அதன் அடிப்பாகத்தால் காலரை மட்டும் தேய்ப்போம். பேன்ட்டை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து அதன்மேல் படுத்தால் விடிவதற்குள் மடிப்பு விழுந்துவிடும். மின்சாரச் செலவு பூஜ்யம்.

பிறகு ரயில்வேயின் மின்பிரிவில் வேலை கிடைத்து 1983-ல் கேரளம் வந்தேன். ஷொர்ணூர், எர்ணாகுளம், கடைசியில் ஆலுவா. வந்த புதிதில் வாடகைக்கு வீடு தேடி, ஷிஃப்ட் முடிந்து கிரீஸ் கறை படிந்த சட்டையுடனேயே ஓர் இடத்துக்குப் போனேன். வீட்டுக்காரர் கதவருகே நின்றபடியே, வீடு கொடுத்தாகிவிட்டது என்றார். திரும்பி நடக்கும்போது உள்ளே அவர் யாரிடமோ, "ஒரு பாண்டி வந்நு" என்பது காதில் விழுந்தது. அடுத்த வாரம் அலுவலக நண்பர் ஒருவர் என்னைத் தேய்த்த சட்டையும் பேன்ட்டும் போடச் சொல்லி அதே வீட்டுக்கு அழைத்துப் போனார். வீடு காலியாகத்தான் இருந்தது. சாவியும் கிடைத்தது. அந்த வீட்டுக்காரர் பிற்காலத்தில் எங்களுக்கு நல்ல சிநேகிதரானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று முதல் நான் தேய்க்காத சட்டையுடன் வாசற்படி இறங்கியதில்லை. பால் வாங்கப் போனாலும் சரி. நம்மில் பலரிடம் இப்படி ஒரு கதை இருக்கும். வெளியூரில் பிழைக்க வந்தவனுக்கு மடிப்பு ஒரு கவசம். அது தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவசத்தைத் தினமும் தயார் செய்தது யார்? நான் அல்ல. என் துணைவியார்.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு வாரம் பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். பொறியாளன் புத்தி போகாதல்லவா, ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நான், துணைவியார், மகன், மருமகள், பேரன். ஒரு வாரத்துக்கு 41 துணிகள். உருப்படி ஒன்றுக்குச் சராசரி ஐந்து நிமிஷம் வீதம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். வருஷத்துக்கு 180 மணி நேரம். எங்கள் 34 வருஷ இல்லறத்தில் 6,000 மணி நேரத்துக்கு மேல். எட்டு மணி நேர ஷிஃப்டாகக் கணக்கிட்டால் 750 நாள் டியூட்டி! வார ஓய்வையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டரை வருஷம். நின்றபடி, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், மற்றவர்கள் டி.வி. பார்க்கும்போது. எனக்கு மூன்றாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. நோட்டைக் காட்டினேன். "இதைக் கணக்குப் போட உங்களுக்கு ரிடயர் ஆக வேண்டியிருந்தது" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது ஊர் செய்திக்கு வருவோம். 2024 மே மாதத்தில், அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகமாகிய சி.எஸ்.ஐ.ஆர்., திங்கட்கிழமைகளில் இஸ்திரி போடாத உடையுடன் வேலைக்கு வரும் இயக்கம் ஒன்றில் சேர்ந்துகொண்டதாகப் பத்திரிகைகளில் படித்தோம். இதைத் தொடங்கியது மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் சேத்தன் சோலங்கியின் எனர்ஜி ஸ்வராஜ் அறக்கட்டளை. 'ரிங்கிள்ஸ் அச்சே ஹைன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சோப்புத்தூள் விளம்பரத்தில் 'கறை நல்லது' என்பார்களே, அந்த ஜாடையில் 'சுருக்கம் நல்லது'. சி.எஸ்.ஐ.ஆர். தலைமைப் பொறுப்புக்கு 2022-ல் வந்த முதல் பெண்மணி டாக்டர் கலைச்செல்வி எங்கள் அம்பாசமுத்திரத்துக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமையும் உண்டு.

ஒரு ஜோடி உடையைத் தேய்க்க ஐந்து முதல் ஏழு நிமிஷம் ஆகிறது, தேய்க்காவிட்டால் 200 கிராம் வரை கரியமில வாயு மிச்சம் என்று அப்போது சொன்னார்கள். என் நோட்டில் போட்டுப் பார்த்தேன். என் பெட்டி 1000 வாட். ஆறு நிமிஷம் இடைவிடாமல் எரிந்தாலும் 0.1 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் வாயு என்றால், வருவது 70 கிராம். 200 வரவில்லை. ஊர்க்காரர் என்பதற்காகக் கணக்கை விட முடியுமா? ஆனாலும் 70 கிராம் என்பது ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு. தவிரவும் என்னை உலுக்கியது வாயு அல்ல, அந்த 750 நாள் டியூட்டி.

துணி ஏன் சுருங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை குறைந்துவிடும். பருத்தி நூலில் உள்ள செல்லுலோஸ் இழைகள் ஒன்றையொன்று சிறு பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அந்தப் பிடி தளர்கிறது. காயும்போது, துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி இறுகிவிடுகிறது. சுருட்டிப் போட்டால் சுருங்கியே காயும், நீட்டித் தொங்கவிட்டால் நீண்டே காயும். ஆகவே சட்டையின் தலைவிதி எழுதப்படுவது கொடிக்கயிற்றில். இஸ்திரிப் பெட்டி செய்வது திருத்தம் மட்டுமே.

எங்கள் வீட்டில் இப்போது செய்வது இதுதான். மெஷினில் துணியைத் திணிப்பதில்லை. பிழிகிற சுற்று வேகத்தைக் குறைத்து வைக்கிறோம். முடிந்த உடனே எடுத்துவிடுகிறோம். ஒரு மணி நேரம் உள்ளேயே கிடந்தால் கதை முடிந்தது. ஒவ்வொன்றையும் பலமாக இரண்டு உதறு உதறி, சட்டையை ஹாங்கரில் மாட்டி, மேல் பட்டனைப் போட்டு, காலரையும் பட்டன் பட்டியையும் கையால் இழுத்துவிட வேண்டும். ஈரத்தின் கனமே மீதியைச் செய்கிறது. பேன்ட்டை இடுப்புப் பக்கம் மேலே இருக்கும்படி தொங்கவிட வேண்டும். காய்ந்ததும் மலையாகக் குவிக்காமல் உடனே மடித்து அடுக்க வேண்டும். சேலைக்கு அம்மாவின் முறையே முறை. இப்போது மறுமுனையைப் பிடிப்பவன் பேரன். போர்வை, துண்டு, லுங்கி, பனியன் இவற்றைத் தேய்ப்பவர்கள் உண்டானால் (உண்டு, என் வீட்டிலேயே இருந்தார்கள்) இன்றே நிறுத்திவிடலாம்.

டெரிகாட்டன் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பீர்கள். நானும் இளமையில் போட்டவன்தான். நம் கொச்சிப் புழுக்கத்தில் அது உடம்போடு ஒட்டிக்கொண்ட சுகத்தை மறக்கவில்லை. பருத்தியையே கசங்காமல் ஆக்கும் ரசாயன வித்தையில் முன்னோடி ரூத் பெனரிடோ என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. அந்தச் சட்டைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. விலைதான் பென்ஷன்காரனுக்கு ஒத்துவருவதில்லை.

மழைக்காலம் மட்டும் வேறு விஷயம். ஜூன் பிறந்தால் இங்கே துணி காய்வதில்லை, வாடை அடிக்கிறது. காலையில் பேரனின் ஈர யூனிஃபார்மைப் பெட்டியால் காயவைக்காமல் வழியில்லை. ஆனால் அது இஸ்திரி அல்ல, உலர்த்துதல். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வெப்பம் மட்டுமே 0.63 யூனிட் வேண்டும். ஈர ஜீன்ஸைப் பெட்டியால் காயவைப்பதைப்போல் விலையுயர்ந்த உலர்த்தல் வேறில்லை. முந்தின இரவே ஃபேனுக்கு அடியில் மாட்டிவிட்டு, காலையில் தையல் ஓரங்களை மட்டும் தேய்த்தால் போதும்.

மழை என்றதும் 2018 ஆகஸ்ட் நினைவுக்கு வருகிறது. பெரியாறு கரை புரண்டு ஆலுவாவுக்குள் வந்தது. ரயில் போக்குவரத்தும் நின்றது. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் பீரோ வரை சேறு. ஒரு கல்லூரியில் அமைத்த முகாமில் ஒன்பது நாள் இருந்தோம். யாரோ அனுப்பிய சட்டையை யாரோ போட்டுக்கொண்டோம். டாக்டரும் நானும் மீன் விற்கிறவரும் ஒரே வரிசையில் கஞ்சிக்கு நின்றோம். எல்லார் சட்டையும் கசங்கியிருந்தது. ஒருவர்கூட என்னைப் பாண்டி என்று சொல்லவில்லை; "சேட்டா, இவிடெ இரிக்கு" என்று பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். வீடு திரும்பி, சேறு கழுவி, கரண்ட் வந்த அன்றே நான் முதலில் தேடியது இஸ்திரிப் பெட்டியை! பழக்கம் அப்படி.

ஒரு விஷயம் என்னைத் தயங்க வைத்தது. நாம் எல்லாரும் தேய்ப்பதை நிறுத்தினால், தேய்த்துப் பிழைப்பவர்கள் கதி என்ன? அதுவும் கொச்சியில் இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் நம்மவர்களே. ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற இடத்தில் இருக்கும் தோபி கானாவைப் பலர் பார்த்திருப்பீர்கள். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார் சமூகத்தின் வழிவந்தவர்கள் அவர்கள். 1795-ல் கொச்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஆட்சிகள் மாறியும் துவைகல் மாறவில்லை. இப்போதுள்ள கூடத்தை 1976-ல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. நிர்வாகம் வண்ணார் சங்கத்தினுடையது. நம் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் முன்பே இங்கு வேரூன்றிய தமிழர்கள். நம் விழா நோட்டீஸ் ஒன்றையாவது அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தேன்.

சென்ற மாதம் அங்கே போனேன். கிளிப் எதுவும் கிடையாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகி வெயிலில் காயவைக்கிறார்கள். அரிசிக் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டிகள் வரிசையாக நின்றன. பெரியவர் ஒருவர் சிரட்டைக் கரி போட்ட கனத்த பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார். தூக்கிப் பார்த்தேன், ஒரு கையால் முடியவில்லை. இந்தக் கரிக்குப் பதில் சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்துத்தான் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடை வரை போனார். அதைப் பெரியவரிடம் சொன்னேன். கொச்சி மழையில் அது ஓடுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பிறகு என் தயக்கத்தைச் சொன்னேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பேசினார்: "சாரே, வீட்டுச் சட்டை பேன்ட்டெல்லாம் மெஷினும் கரண்ட் பெட்டியும் வந்த அன்னிக்கே பாதி நின்னு போச்சு. இப்ப சோறு போடுறது ஹோட்டல் போர்வையும் கல்யாணத்து வேட்டி சேலையும்தான். நீங்க வீட்டுல தேய்க்கிறதுதான் எங்களுக்கு நஷ்டம். தேய்க்காம விட்டா எங்களுக்கு என்ன போச்சு?"

இப்படி ஒரு தர்க்கம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே சங்க அங்கத்தினர்களிடம் இரண்டு கோரிக்கைகள். மாதக் கூட்டத்துக்கு யாரும் எதையும் தேய்த்துக்கொண்டு வர வேண்டாம். செயலாளரும் தலைவரும் முதலில் கசங்கி வந்தால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். பொங்கல், ஆண்டு விழா என்று வந்தால் பட்டு வேட்டியையும் சேலையையும் இரண்டு வாரம் முன்னதாகச் சேகரித்து மொத்தமாக வெளிக்கு அனுப்பலாம். கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம். மூட்டையைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. வேலை நாட்களில் தேய்த்தே ஆகவேண்டியவர்கள், தினமும் ஒரு சட்டைக்காகப் பெட்டியைச் சூடாக்காமல் வாரத்துக்கு ஒரு நாள் சேர்த்துச் செய்யுங்கள். மாலை ஆறு முதல் இரவு பத்து வரை வேண்டாம் என்று மின்வாரியமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. முக்கியமாக, தேய்ப்பவர் எப்போதும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம்.

இதை எழுதி முடித்ததும் துணைவியாரிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் கல்யாணம் இருக்கிறதே, உங்கள் பட்டு வேட்டி?" என்றார். நேற்றே வெளியில் கொடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வரும்.