உண்ணும்போது வீங்கும் தாடை

இலையில் சோறு விழுந்ததும் ஒரு பக்கத் தாடையின் கீழ் நெல்லிக்காய்போல் வீக்கம் எழும்புகிறது, வலியும் சேர்ந்துகொள்கிறது. உண்டு முடித்துச் சற்று நேரமானால் தானே வடிந்துவிடுகிறது. இதைப் பல்வலியென்று எண்ணி நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்வோரும், பொன்னுக்கு வீங்கியென்று பற்றுப் போடுவோரும் உண்டு. நேயர்களே, உணவோடு வந்து உணவோடு போகும் வீக்கம் பெரும்பாலும் உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருப்பதன் அடையாளமாகும்.

இக்கற்களில் நூற்றுக்கு 80 கீழ்த்தாடைச் சுரப்பியைச் சேர்ந்தவை. அங்கே ஊறும் உமிழ்நீர் கெட்டியானது. சுண்ணச் சத்து மிகுந்தது. ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளக் குழாயில் மேல்நோக்கி ஏறியே நாவின் அடியை அடைய வேண்டும். தேங்கினால் கல்லாகாமல் என்ன செய்யும்?

வைத்தியர் நாவடியில் ஒரு விரலும் தாடைக்கு வெளியே ஒரு விரலும் வைத்துத் தடவினாலே பல கற்கள் தட்டுப்படும். எக்ஸ்ரேக்குத் தப்பும் கற்களும் உள, அல்ட்ராசவுண்டோ ஸி.டி. படமோ தேவைப்படலாம்.

சிறு கல்லாயின், நிறையத் தண்ணீர் பருகி, வெந்நீர் ஒற்றடமிட்டு, சுரப்பியைப் பின்னிருந்து முன்னாக நீவி, புளிப்பு மிட்டாயைச் சுவைத்துவர, வெளிவந்துவிடக் கூடும். ஊசியால் நெம்பும் வீரம் மட்டும் வேண்டாம். குழாயின் வாயருகே நிற்கும் கல்லை வாய்க்குள்ளேயே சிறிது கீறி எடுப்பர். ஆழத்திலுள்ளதற்கு முன்பெல்லாம் சுரப்பியையே அறுத்தெடுப்பது வழக்கம். 1990-களில் பரவிய நுண்ணிய உள்நோக்கிக் கருவியால் இன்று பலருக்குச் சுரப்பி தப்புகிறது.

ஜுரமோ சீழோ கண்டால் அன்றே வைத்தியரிடம் செல்க. உணவுக்குச் சம்பந்தமின்றி நிலைத்து நிற்கும் கட்டியைக் கல்லென்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாகாது. அது புற்றா அல்லவா என்பதைச் சோதித்தே தெளிய வேண்டும்.